குடிபூரலுக்கு வந்த ஆமை

எங்கள் நிலையத்தில் இப்போது ஒரு செயலி வந்துவிட்டது. வீதியோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் பிராணியைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால், அது இன்னதென்று உடனே சொல்லிவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தேநீருக்கு அழைத்தார்கள். அங்கே வேலையில் இருக்கும் இளம் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, "படம் இல்லாமல் எப்படித்தான் சமாளித்தீர்கள், ஸ்ரெல்லா?" என்று கேட்டார்கள். "கேள்வி கேட்டுத்தான்" என்றேன். அது அவர்களுக்குப் போதவில்லை. எழுதித் தரச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் அடங்காததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். மெல்பேர்ணுக்கு வந்து சில வருடங்கள் டண்டினோங் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு காட்டுயிர் மீட்புக்கான அவசரத் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. அடிபட்ட கங்காரு, கூரைக்குள் புகுந்த பொசம், கம்பியில் சிக்கிய வௌவால் என்று விக்ரோரியா மாநிலம் முழுவதிலிருந்தும் அழைப்பார்கள். நாங்கள் விவரம் கேட்டு, அருகில் உள்ள தொண்டரை அனுப்ப வேண்டும். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. காதில் மாட்டும் கருவி ஒன்றும் தடித்த கோப்பு ஒன்றும் தந்தார்கள். மிச்சத்தை டோரீன் பார்த்துக்கொண்டார்.

டோரீன் எங்கள் மேற்பார்வையாளர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அழைப்பவர் சொன்ன பெயரை நாங்கள் அப்படியே திருப்பிச் சொன்னால், அந்தப் பென்சில் மேசையில் ஒருமுறை தட்டும். அவ்வளவுதான் கண்டிப்பு. ஆனால் அந்தத் தட்டலுக்குப் பயப்படாதவர் எங்களில் ஒருவரும் இல்லை.

"பெயரை வாங்கி மேசை ஓரத்தில் வையுங்கள். அது ஓடிப்போகாது. பிராணிதான் ஓடிப்போகும்" என்பார்.

கேள்விகளுக்கும் ஒரு வரிசை வைத்திருந்தார். இப்போது அது என்ன செய்கிறது? உங்கள் வீட்டில் உள்ள எந்தப் பாத்திரத்தின் அளவில் அது இருக்கிறது? நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? நாயைக் கட்டியிருக்கிறீர்களா? பெயர் கடைசியில்தான் வரும். பெயர் சொன்னவுடன் ஆட்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

அது எவ்வளவு உண்மை என்பது நான் சேர்ந்த முதல் வசந்தத்திலேயே தெரிந்தது. பெண்டிகோவுக்கு அப்பால் நெடுஞ்சாலையில் ஒரு பிராணி நடு வீதியில் கிடப்பதாக அடுத்தடுத்து மூன்று அழைப்புகள். ஒருவர் அதை 'ஸ்ரம்பி' என்றார். கரவன் வண்டியில் ஊர்சுற்ற வந்த மேற்கு ஆஸ்திரேலியக்காரர் 'பொப்ரெயில்' என்றார். அடிலெய்ட் அம்மா ஒருவர் 'ஸ்லீப்பி' என்றார். என்னோடு சேர்ந்த புதியவர் மூன்றையும் தனித்தனியே பதிந்து மூன்று தொண்டர்களை அனுப்பிவிட்டார். மூன்று வண்டிகளும் மூன்று பெட்டிகளும் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு பல்லி. வாலும் தலையும் ஒன்றுபோலத் தடித்த, அன்னாசித் தோல் போன்ற உடம்புள்ள பல்லி. காயம் எதுவும் இல்லை. வீதியைக் கடந்து போய்ப் புல்லோரத்தில் மஞ்சள் பூ ஒன்றைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்ததாம். டோரீன் பென்சிலைத் தட்டவில்லை. மூன்று தொண்டர்களுக்கும் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

வரலாறு படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த நாட்டுக்கு முதலில் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை இங்கே கண்டதற்கெல்லாம் வைத்துவிட்டார்கள். கோலா அவர்களுக்குக் கரடி. எக்கிட்னா முள்ளம்பன்றி. நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? ஸ்பிரிங்வேலிலிருந்து தமிழ்க் குடும்பம் ஒன்று அழைத்தது. நீலநாக்குப் பல்லி வீட்டுக்குள் வந்துவிட்டது. அது அரணை இனம்தான். அவர்களும் அதை அரணை என்றே அடையாளம் கண்டார்கள். பிறகு அரணை கடித்தால் அந்த இடத்திலேயே சாவு என்ற ஊர் நம்பிக்கையின்படி, பிள்ளைகளோடு காருக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டுத்தான் எனக்கு அழைத்தார்கள். அந்தப் பல்லிக்கு விஷமே இல்லை என்று நம்ப வைப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. சிரிக்கவும் முடியவில்லை. எங்கள் கரையிலும் ஒரே கடலாமைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது.

இனி, இளம் பெண்களுக்குக் கொடுத்த பக்கத்தில் அடங்காத அந்த ஒரு நாள்.

மெல்பேர்ண் குதிரைப் பந்தய விடுமுறை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை அது. முதல்நாள் இரவு நல்ல மழை. என் அதிகாலைப் பணிமுறை முடிகிற நேரம். கடைசி அழைப்பு நோபல் பார்க்கிலிருந்து வந்தது. இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். புது வீட்டு வாசலில் ஒரு 'ஸ்னாப்பிங் ரேர்ட்டில்', வெடுக்கென்று கடிக்கிற ஆமை, நிற்கிறது, உடனே ஆள் வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது.

"சுதன், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதைத் தடியாலை அங்காலை தள்ளிவிடு."

நானும் தமிழுக்கு மாறினேன். "தம்பி, ஒருத்தரும் தடியைத் தொடவேண்டாம்."

"அன்ரி, நீங்க தமிழா?"

"ஓம். இப்ப அது என்ன செய்யுது?"

"எங்கடை ஸ்ரெப்புக்குப் பக்கத்திலை நிக்குது. பக்கத்து வீட்டுக் கெவ்தான் ஸ்னாப்பர் எண்டு சொன்னவர். கால்விரலைக் கழட்டிப்போடுமாம்."

"பேர் கிடக்கட்டும். எவ்வளவு பெரிசு?"

"ஒரு சாப்பாட்டுப் பிளேற் அளவு."

"கழுத்து எப்பிடி?"

"கழுத்தே இல்லை, அன்ரி."

அந்தப் பதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்னாப்பர் என்ற அந்தப் பெயரில் அமெரிக்க ஆமை ஒன்று உண்டு. முரட்டுத் தலை, கத்தரிக்கோல் போன்ற வாய். அதை இங்கே வளர்ப்பதே குற்றம். யாரோ களவாக வளர்த்து ஏரியில் விட்டது அகப்பட்டால் அரச திணைக்களம் வந்து எடுத்துப்போகும். எடுத்துப்போனது உயிரோடு திரும்பாது. குயின்ஸ்லாந்து ஆறுகளில் வேறோர் ஆமையையும் அதே பெயரால் சொல்வார்கள். அது இந்த நாட்டின் பிள்ளை. மெல்பேர்ணில் நாங்கள் வழக்கமாகக் காண்பதோ நீண்ட கழுத்து ஆமை. அதையும் சட்டம் காக்கிறது. அதன் கூட்டில் கைவைக்கக்கூடாது. ஒரு பெயருக்குப் பின்னால் ஒன்றுக்கு மரணம், மற்றவற்றுக்குப் பாதுகாப்பு. பிழையாகச் சொன்னால் திருத்த வழியில்லை.

டோரீன் தன் கதிரையை என் பக்கம் நகர்த்தினார். தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்கும்.

"தம்பி, தலையை ஓட்டுக்குள்ளை எப்பிடி வைச்சிருக்கு? நேரை உள்ளுக்கை இழுத்தோ, பக்கவாட்டிலை மடிச்சோ?"

"அதுக்கு நான் கிட்டப் போகோணுமே."

"போகவேண்டாம். எட்ட நிண்டு குந்திப் பாருங்கோ."

காத்திருந்தேன். "மடிச்சுத்தான் வைச்சிருக்கு. நுளம்புக்குப் பயந்து முகத்தைக் கையுக்குள்ளை மூடிக்கொண்டு படுக்கிற மாதிரி."

மூச்சு வந்தது. இந்த நாட்டு ஆற்றாமைகள் கழுத்தைப் பக்கவாட்டில் மடிக்கும். அந்த அமெரிக்க ஆமை மடிக்காது. நீண்ட கழுத்தை மடித்து ஓரமாகச் செருகியிருந்ததால்தான் சுதனுக்குக் கழுத்தே இல்லாததுபோலத் தெரிந்தது.

"பின்னங்கால்?"

"மண்ணைக் கிண்டுது, அன்ரி."

டோரீனிடம் சொன்னேன். அவர் பென்சிலை மேசையில் படுக்க வைத்தார். அப்படி வைத்தால் விஷயம் பெரிது என்று பொருள். "முட்டையிட வந்திருக்கிறாள். முதல் முட்டை விழும்வரை யாரும் கிட்டப் போகக்கூடாது. பயந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாள், வீதியில் நசுங்குவாள். விழத் தொடங்கிவிட்டால் பிறகு நிறுத்தமாட்டாள். உன் வீட்டுக்குப் போகும் வழிதானே, போய் நில்."

ஒருவரையும் கிட்டப் போகவிட வேண்டாம் என்று சுதனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது, குடிபூரலுக்கென்று, புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுக, அந்த வீட்டு முன்புல்லில் ஒரு சிறு கூட்டமே பட்டுடுத்தி நின்றது. வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒருவர் கையில் பிள்ளையார் படம், ஒருவர் கையில் கும்பம், ஒருவர் கையில் உப்பும் மஞ்சளும் அரிசியும் வைத்த தட்டு. யாரும் உள்ளே போகவில்லை. முன்கதவுப் படியின் அருகிலேயே பூப்பாத்தியில் ஆமை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செவ்வரத்தைப் பூச்செடி நடுவதற்கென்று சுதன் முதல்நாள்தான் அந்தப் பாத்தியைக் கொத்திப் புரட்டியிருந்தார். மேலே இரவு மழை. ஆமைக்கு இதைவிட நல்ல இடம் அந்த வீதியிலேயே கிடைத்திராது.

சுதனின் தாயார் பரமேஸ்வரி காருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"வாங்கோ. நீங்கள்தான் ஆமைக்கு வந்தவவோ?"

"ஓம் அக்கா."

"கொண்டுபோங்கோ. ஆமை வந்த வீடு உருப்படாது. இவன் பாங்கிலை கதைச்சான், இன்ஸ்பெக்சன் செய்தான், எல்லாம் பாத்தான். இதைப் பாக்கேல்லை."

"அம்மா, ஆமை வரும் எண்டு எந்த இன்ஸ்பெக்டர் எழுதித் தாறவர்?" என்றார் சுதன்.

"நீ கதையாதை." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "காங்கேசன்துறையிலை எங்கடை வீடு சண்டையோடை போய், இப்ப அத்திவாரமும் இல்லை, பிள்ளை. ஒரு வீடு போனதைப் பாத்திட்டன். இன்னொண்டு போறதைப் பாக்கேலாது."

அந்தப் பெண்மணி விளையாட்டுக்குப் பயப்படவில்லை.

பூசைக்கு வந்த ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார். "பெருமாளும் ஒருக்கா ஆமையா வந்தவர்தானே, அம்மா."

"ஐயா, அவர் பாற்கடலுக்கு வந்தவர். என்ரை வாசலுக்கு வரேல்லை."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. வேலிக்கு அப்பால் அரைக்காற்சட்டையோடு நின்ற பக்கத்து வீட்டுக் கெவ், என்ன பகிடி என்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். தான் குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர் என்றும், அங்கே ஆற்றில் ஓடு போட்டதெல்லாம் ஸ்னாப்பர்தான் என்றும் சொன்னார். இது அதில்லை, இது கடிக்காது என்றேன். "அப்படியானால் என் விரலுக்குப் பயமில்லை?" என்றார். "விரலுக்கு இல்லை. தூக்கினால் மூக்குக்குத்தான் பயம்" என்றேன். அது என்னவென்று அங்கே நின்ற ஒருவராவது அப்போது கேட்டிருக்கலாம்.

பரமேஸ்வரி அக்கா விடுகிற மாதிரி இல்லை. "நீங்கள் எந்த ஊர், பிள்ளை?"

"மன்னார்."

"உங்கடை பக்கம் இதைக் காய்ச்சிச் சாப்பிடுறவையல்லோ. ஒரு பையிலை போட்டுக்கொண்டு போனால் என்ன?"

"அது கடலாமை அக்கா. அதையும் இப்ப தொடேலாது."

"அப்ப இது எப்ப எழும்பும்? பத்தரைக்கு முதல் போகுமோ?"

"போகாது. இன்னும் தொடங்கவே இல்லை."

"என்ன தொடங்கேல்லை?"

"முட்டை. பேறுக்கு வந்து நிக்குது, அக்கா."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து ஆமை, ஆமை என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது என்ன செய்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரும் காருக்கு இப்பால் வரவில்லை.

சேலைக் கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். எட்ட, நான் கைகாட்டிய இடத்தில் நின்று குந்தினார். பின்னங்கால்கள் மாறி மாறி மண்ணை அள்ளி ஒதுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கால் அள்ளும்போது மற்றது காத்திருக்கும். இடையில் ஆமை நின்று, குழிக்குள் நீர் விட்டது.

"தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுதோ?"

"இல்லை அக்கா. மண் இளகிறதுக்கு அது செய்யிறது."

"கெட்டிக்காரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"சுதன் ஆரோ ஒரு வீட்டு விறாந்தையிலை பிறந்தவன், தெரியுமோ? ஷெல்லடிக்கு ஓடிக்கொண்டிருக்கேக்கை எனக்கு வலி கண்டிட்டுது. இருட்டிலை தெரிஞ்ச முதல் வீட்டுக்கை ஏறிட்டன். அவையள் கந்தசட்டி விரதக்காரர். பேறு நடந்தா வீடெல்லாம் துடக்கு, விரதம் முறிஞ்சுபோம். ஒரு சொல் சொல்லேல்லை, பிள்ளை. அந்த மனிசி தன்ரை கூறைச்சேலையை எடுத்துக் கட்டி மறைச்சுவிட்டது. என்ரை பேரைக்கூட விடிஞ்சாப் பிறகுதான் கேட்டது."

"அந்த வீடு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயமாக இருந்தது.

"அந்த வீட்டுக்கு என்ன? அப்பிடியே நிக்குது. போன வருசம் பெயின்ற் அடிச்சுப் படம் அனுப்பினவை."

சொல்லிவிட்டு அவர் தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல என்னை நிமிர்ந்து பார்த்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"சுதன், காருக்கை கிடக்கிற புது வேட்டியை எடு. நிரோ, ரெண்டு கதிரையைக் கொண்டுவா. எட்ட வை, எட்ட. சத்தம் போடாதையுங்கோ."

நிரோ அவருடைய மருமகள். இரண்டு மடக்குக் கதிரைகளை விரித்து அவற்றின் முதுகில் வேட்டியைப் போட்டார்கள். வீதியிலிருந்து பார்ப்பவருக்கு ஆமை தெரியாதபடி மறைப்பு ஆயிற்று. பிறகு அக்கா கும்பத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு வீட்டின் பக்கவழியால் நடக்கத் தொடங்கினார்.

"அம்மா, முன்வாசலாலை போறதுதானே முறை" என்றார் ஐயர்.

"ஐயா, முன்வாசலிலை ஆள் இருக்கு. பால் பொங்கிறது குசினியிலை. பின்கதவு நேரை குசினிக்கைதான் போகுது. வலது காலை வைச்சு வாங்கோ."

ஐயருக்கு வேறு வழியில்லை. பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் குப்பைத் தொட்டிகளையும் எரிவாயு மீற்றரையும் தாண்டி வரிசையாகப் பின்பக்கம் போயின. பிள்ளையார் படமும் போயிற்று. என்னையும் கூப்பிட்டார்கள், ஆனால் நான் ஆமையோடு நின்றேன். அது இப்போது அசையவில்லை, பின்பகுதி மட்டும் மெல்லத் தாழ்ந்தது. முதல் முட்டை விழுந்தது. வெள்ளையாக, நீள்வட்டமாக. பின்னங்கால் அதை மிகக் கவனமாக ஓரத்துக்கு ஒதுக்கியது. வேலியில் சாய்ந்து நின்ற கெவ் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளே சங்கு ஊதினார்கள். பால் பொங்கிவிட்டது. ராகுகாலத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

பிறகு எல்லோரும் கையில் பொங்கலோடு முன்புல்லுக்கு வந்து, மறைப்புக்கு இப்பால் உட்கார்ந்தார்கள். கெவ்வுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். ஆமை மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. மூடியபின் தன் உடம்பைத் தூக்கித் தொப்பென்று போட்டது. மறுபடி தூக்கிப் போட்டது. தன் ஓட்டாலேயே மண்ணை இடித்து இறுக்கியது.

"மா இடிக்குது" என்றார் அக்கா. புல்லெல்லாம் சிரிப்பு.

வேலை முடிந்ததும் ஆமை கழுத்தை நீட்டியது. தன் ஓடளவுக்கு நீண்ட அந்தக் கழுத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அது வீதியை நோக்கி நடந்தது. தெருமுனைக்கு அப்பால்தான் ஏரி. கெவ் நடுவீதியில் இறங்கி இரு கைகளையும் உயர்த்திக் கார்களை நிறுத்தினார். ஒரு சாரதி கண்ணாடியை இறக்கி என்னவென்று கேட்டதற்கு, "மகப்பேற்று விடுமுறை" என்றார். அவசரம் தாங்காத சுதன் ஆமையைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடலாம் என்று கைவைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அது தற்காப்புக்கென்று ஒரு நீரைப் பீச்சிவிட்டது. பட்டுவேட்டியில் அழுகிய முட்டைபோல ஒரு நாற்றம். மெல்பேர்ண்காரர்கள் இதை 'ஸ்ரிங்கர்', நாற்றம்பிடித்தது, என்று கூப்பிடுவதற்குக் காரணம் அந்த வீதியில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிரோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் வீதியோரத்தில் உட்கார்ந்தே விட்டார்.

ஆமை தானே நடந்தது. நாங்கள் பின்னால் நடந்தோம். நாணல் தொடங்கும் இடத்தில் அது நின்று, தலையை ஒருமுறை உயர்த்தியது.

"போட்டு வாங்கோ" என்றார் அக்கா.

"அம்மா, இவ்வளவு பயந்திட்டு இப்ப வரச் சொல்லுறீங்களே?" என்றார் சுதன்.

"பின்னை, பிள்ளை பெத்தவளைப் போ எண்டோ சொல்லுறது? வரட்டும். வந்து தன்ரை பிள்ளையளைப் பாக்கட்டும்."

இந்த ஆமைகள் முட்டையிட்ட கூட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எங்கள் கோப்பில் எழுதியிருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. அக்கா தண்ணீர் ஓரத்தில் கையைத் தூக்கியபடி நின்றார். நாணல் அசைந்து முடியும்வரை கையை இறக்கவில்லை.